ஐந்திலிருந்து இரண்டு

மூன்றாவது கியருக்குப் போயிருக்க வேண்டிய இடத்தில் மச்சினன் இன்னும் இரண்டிலேயே வண்டியை அலறவிட்டுக்கொண்டிருந்தான். பின் இருக்கையில் இடது காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, பார்சல் மாதிரி ஏற்றப்பட்டிருந்தவருக்கு அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொந்தக் காரில் பின்னால் உட்காரும் நிலைமை வந்துவிட்டால் வாயையும் பின்னாலேயே வைத்துக்கொள்வதுதான் மரியாதை. முழங்காலுக்குள் கிழிந்திருந்த சவ்வைத் தைத்துவிட்டு, ஆறு வாரத்துக்குக் கிளட்சைக் கனவில்கூட மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்த அக்காவைப் பார்த்து மச்சினன் கண்ணைச் சிமிட்டினான்.

"நாளைலேருந்து ஒரு மாசம் நான் ஊர்ல இருக்க மாட்டேன்க்கா. நீயே மாமாவைக் கால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போயேன். என்ன, அஞ்சுலேருந்து நேரா ரெண்டு! மாமாவுக்கு இன்னொரு காலும் போயிடும்."

அவள் சிரித்தாள். மேலே மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் அவள் முகத்தில் பாதிதான் அவருக்குத் தெரிந்தது. பதினெட்டு வருஷமாக இந்த நகைச்சுவைக்கு அவள் இப்படித்தான் சிரிக்கிறாள். உதடு மட்டும் சிரிக்கும். கை மடியிலிருக்கிற கைப்பையை ஒருமுறை திறந்து மூடும். பதினெட்டு வருஷமாக அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். அன்று ஏனோ முடியவில்லை. வலி மாத்திரை போட்டிருக்கிறார், அதுதான் என்று மச்சினன் நினைத்திருப்பான்.

அவருடைய கியர் பெருமையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். விட்டால் அவரே வந்து சொல்லிவிடுவார். இளமையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், கைவிடப்பட்ட விமான ஓடுபாதை ஒன்றில் நாலைந்து பைத்தியங்களோடு சேர்ந்து கார் விரட்டியவர். ஊர் உலகம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுத்தான் கியர் மாற்றும். இவர் எடுக்க மாட்டார். வலது கால் அழுத்தியது அழுத்தியபடி இருக்க, கிளட்சுக்கு ஓர் உதை, கியர் தண்டுக்கு ஓர் அறை, இமைப்பதற்குள் அடுத்த கியர். சில சமயம் கிளட்சே இல்லாமல், என்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து தண்டை உள்ளே தள்ளிவிடுவார். வளைவு வந்தால் ஒரே பாதத்தின் முன்பக்கம் பிரேக்கை மிதிக்க, குதிகால் ஆக்சிலேட்டரைத் தட்ட, வண்டி உறுமிக்கொண்டே கீழ் கியருக்கு இறங்கும். நண்பர்கள் வைத்த பெயர் 'இடி'. ஒரு கோப்பைகூட ஜெயித்திருக்கிறார். டிவிக்குப் பக்கத்தில் அதில்தான் பேனாக்கள் இருக்கின்றன. பிழைப்புக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். நொறுங்கிய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, ஓட்டினவன் எந்த இடத்தில் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடிக்கிற உத்தியோகம்.

அவளும் ஓட்டிக்கொண்டிருந்தவள்தான். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கியவள். நன்றாகவே ஓட்டினாள், ஆனால் அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு கியரிலிருந்து தண்டை எடுத்து, நடுவில் ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் அடுத்ததற்குப் போவாள். அந்த ஒரு மூச்சை அவரால் பொறுக்க முடியாது. "தாலாட்டா பாடிட்டு இருக்கே? போடு!" என்பார். அவளும் கோபித்துக்கொள்ளாமல், "வண்டி ஒண்ணும் அழலையே, நீங்கதான் அழறீங்க" என்று பதில் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்த மத்தியானமும் அவள்தான் ஓட்டினாள். நான்கு வயது மகள் பின்னால் நின்றுகொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது கியரில் நூறைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு லாரி. நான்குக்கு இறக்கினால் இழுவை கிடைக்கும், தாண்டிவிடலாம். அவள் கிளட்சை மிதித்து, தண்டில் கை வைத்து, தன் வழக்கப்படி ஒரு மூச்சு விட்டாள். இவருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து வலது கையை அவள் கைக்கு மேல் வைத்து ஓர் அறை அறைந்தார். ஓட்டுகிறவன் இருக்கையில் இடது கையால் போட்டுப் பழகியவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இழுத்தால் தண்டு தன் பக்கமாகக் கூடுதலாக வரும் என்று அந்த வலது கைக்குத் தெரியவில்லை. நான்கைத் தாண்டி வந்து இரண்டில் விழுந்தது. "விடு! கிளட்சை விடு!" என்று கத்தியதும் அவர்தான். அவள் விட்டாள். என்ஜின் அலறிய அலறலை அதற்கு முன்னும் பின்னும் அவர் கேட்டதில்லை. முன் சக்கரங்கள் இறுகிக்கொள்ள, வண்டி அரைவட்டமடித்து ஓரத்து மண்மேட்டில் போய் முட்டியது. பெரியவர்கள் இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பாப்பாவுக்குத் தாடையில் ஐந்து தையல்.

ஆஸ்பத்திரி நடையில் மச்சினன் ஓடிவந்து, "என்ன மாமா ஆச்சு?" என்று கேட்டான். உள்ளே பாப்பா வீரிட்டுக்கொண்டிருந்தது. யோசிக்க அவகாசமே இல்லாதது போல அவர் வாயிலிருந்து வந்தது: "உங்கக்கா அஞ்சுலேருந்து ரெண்டு போட்டுட்டா." இரண்டு நாளில் சரி செய்துவிடலாம் என்றுதான் நினைத்தார். அந்த இரண்டு நாளுக்குள் அவளே எல்லோரிடமும், "என் கைதான் தப்பிப் போச்சு" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அப்புறம் அது குடும்பத்து வேடிக்கையாகிவிட்டது. அவளுக்கு 'ரெண்டாம் நம்பர்' என்று பெயர். வேடிக்கையாகிப்போன பொய்யை யார் வந்து திருத்துவார்கள்?

ஒருத்தருக்குத் தெரியும். கியர்பாக்ஸைப் பிரித்த மெக்கானிக். பற்கள் கடிக்குமுன் வேகத்தைச் சமப்படுத்துகிற பித்தளை வளையம் ஒன்று உள்ளே உண்டு. அதை எண்ணெய் சொட்டச் சொட்ட எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"அந்த வேகத்துல ரெண்டாவதுக்கு இது விடாது சார். முரண்டு பிடிக்கும். பழகாத கைன்னா அதோட நின்னுடும். இது பாருங்க, அடிச்சு உள்ள ஏத்தியிருக்கு."

இவர் வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் அவருடைய வலது கையைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு நல்ல பலம்தான் சார்," என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆனால் லைசென்ஸ் காலாவதியாகும்போதெல்லாம் தானே போய் வரிசையில் நின்று புதுப்பித்துக்கொண்டு வருவாள். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அந்தக் கைப்பையில், உள் ஜிப்புக்குள்தான் அது இருக்கிறது.

மறுநாள் காலையில் அவர் பால்கனி நாற்காலியில், கால் ஸ்டூலின் மேல் இருக்க, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடி. குடியிருப்புக்குப் பின்புறம் வீட்டுமனை போட்டு வருஷம் மூன்றாகிறது. தார் ரோடும் விளக்குக் கம்பங்களும் வந்துவிட்டன, வீடுதான் ஒன்றும் வரவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பயிற்சிக்கு டாக்சி சொல்லிடறேன்," என்றாள்.

"நீயே ஓட்டேன்."

கத்தி நின்றது. "பாப்பா தாடையைப் பாத்துட்டுப் பேசுங்க. வேற ஊர்ல உக்காந்துக்கிட்டு போன்ல முகத்தைக் காட்டும்போதெல்லாம் நான் முதல்ல அதைத்தான் பாக்கறேன். இது ராசியில்லாத கைங்க. விடுங்க."

அவர் எத்தனை டிரைவர்களை எதிரில் உட்கார வைத்து, "உண்மையைச் சொல்லிட்டா பாரம் குறையும்பா" என்று கேட்டிருக்கிறார். பதினெட்டு வருஷம் சுமந்ததைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"அது உன் கை இல்ல. நான் போட்டது. உன் கை மேல என் கையை வச்சு நான்தான் இழுத்தேன். உன் தம்பிகிட்ட பொய் சொல்லிட்டேன். உன்கிட்டயும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அழுதால்கூடத் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவளோ மெல்லச் சிரித்தாள், காய்ச்சலில் பிதற்றுகிறவரைப் பார்ப்பது போல.

"என்னை வண்டியில ஏத்தறதுக்கு இப்படியெல்லாம் சொல்ல வேணாம்."

"சத்தியமா சொல்றேன்."

"எனக்கு ஞாபகம் இருக்குங்க. உள்ள விழுந்தப்போ அடிச்ச அடி இன்னும் இங்க இருக்கு." கத்தியை வைத்துவிட்டு வலது விரலால் இடது உள்ளங்கையைத் தொட்டுக் காட்டினாள். "நீங்க பாப்பாவைத் திரும்பிப் பாத்துட்டு இருந்தீங்க. நான்தான் போட்டேன். எத்தனை தடவை நினைச்சுப் பாத்திருக்கேன்!"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தான் சொன்னது பொய் மட்டும் இல்லை. அதை அவள் எடுத்துத் தினமும் துடைத்துத் துடைத்து நிஜமாகவே ஆக்கி வைத்திருக்கிறாள். அவர் திரும்பிப் பாப்பாவைப் பார்த்ததாக ஒரு காட்சிகூட அதற்குள் முளைத்திருக்கிறது. வெட்கம் என்றால் என்னவென்று ஐம்பத்தாறாவது வயதில் தெரிந்தது.

"அடிச்சது என் கை," என்றார். "உன் கை நடுவுல இருந்துச்சு. அதான் உனக்கு அடி பட்டுச்சு."

அவள் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நூறுல ரெண்டாவது சும்மா உள்ள போகாது. வளையம் தடுக்கும். அடிச்சாத்தான் போகும். உனக்கு அடிக்கத் தெரியாது. நீ என்னிக்குமே அடிச்சதில்ல." நாற்காலியோரம் சாய்த்திருந்த ஊன்றுகோலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "மெக்கானிக் அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டாரு. நம்பலைன்னா நீயே பாரு. நாப்பதுல போயிட்டு, கிளட்சை மிதிச்சது மிதிச்சபடி வச்சுக்கிட்டு, ஒண்ணாவது கியருக்குத் தள்ளிப் பாரு. உன் கைக்குப் போகாது. அதே கதைதான் இது."

"தையல் போடும்போது பாப்பா தலையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டது நான்," என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். "நீங்க வெளில நின்னீங்க."

"ஆமா."

"ஒவ்வொரு தையலுக்கும் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

நறுக்கிய காயைப் பாத்திரத்தில் போட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தாள். குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டது. பிறகு சாவி மாட்டும் கொக்கி ஒருமுறை கிணுகிணுத்தது. பிறகு வாசல் கதவு. எழுந்து போக அவருக்குக் கால் இல்லை.

கீழே கார் கிளம்பியது. கிளட்சை அவசரமாக விட்டுவிட்டாள் போலிருக்கிறது, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. அவர் வாய் தன்னால் திறந்து, யாருக்கும் கேட்காத ஒன்றைச் சொல்லப் பார்த்து மூடிக்கொண்டது. மறுபடி கிளம்பியது. முதல் கியரிலேயே ஊர்ந்து, குடியிருப்பைச் சுற்றிக்கொண்டு, காலி மனைகளுக்கு நடுவே இருக்கும் நேர் ரோட்டுக்கு வந்தது. இரண்டு. அப்புறம் அந்த மூச்சு. மூன்று. கோடி வரை போய், அங்கே என்ஜின் சத்தம் சட்டென்று தணிந்து வண்டி வெறுமனே உருண்டது. கிளட்சை மிதித்திருக்கிறாள். தள்ளிப் பார்க்கிறாள். இத்தனை தூரத்திலிருந்து ஒன்றும் கேட்கக் கூடாதுதான். ஆனாலும் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.

வண்டி திரும்பி வந்தது. மறுபடி வேகமெடுத்தது. மறுபடி சத்தம் தணிந்து உருண்டது. மூன்றாவது தடவை. நான்காவது தடவை. ஆளில்லாத ரோட்டில், கட்டாத வீடுகளுக்கு நடுவில், வெயிலில் அந்த வெள்ளைக் கார் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கொஞ்சம் கூடுதலாக அழுத்துகிறாள் என்பதை அவரால் ஊகிக்க முடிந்தது. ஒரு தடவையில் அவள் நம்பவில்லை. இரண்டு தடவையிலும் நம்பவில்லை. தன்னைத்தானே குற்றவாளி என்று ஒப்புக்கொண்ட ஒருத்தி தனக்காகச் சாட்சி தேடுவதை மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்படி ஆயிற்று. எந்த வண்டியைச் சோதிக்கும்போதும் அவருக்கு நெஞ்சு இப்படி வலித்ததில்லை.

ஏழாவது தடவைக்குப் பிறகு கார் ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. வெகு நேரம் நின்றது. மடியிலிருந்த போன் அடித்தது.

"போகல," என்றாள். பின்னால் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. "கை செவந்து போச்சுங்க. போகல."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். இணைப்பு அறுந்துவிட்டது.

கார் நகர்ந்தது. திரும்பி வீட்டுப் பக்கம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. நேராகப் போய், மனைப்பிரிவின் வாயிலில் ஒரு கணம் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பெரிய ரோட்டில் ஏறியது. கண்ணுக்கு மறைந்துவிட்டது, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒன்று. மூச்சு. இரண்டு. மூச்சு. அவருடைய வலது கை ஊன்றுகோலின் உருண்டைப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று விழுந்தது. அப்புறம் அவளுடைய அந்த இடைவெளி வந்தது. அவர் அவசரப்படாமல் அதில் காத்துக்கொண்டிருந்தார்.