கொசுறு போல்ட்

கடைக்கு வந்த ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியறியாத மனிதர் அவர். பழைய விவசாயக் கருவிகளை வாங்கி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து விற்பவர். சந்தையில் தேன்வாய் என்றால்தான் தெரியும். பல் போன கலப்பையைக்கூட "கைக்கு எவ்வளவு லேசா இருக்கு பாருங்க" என்று தலையில் கட்டிவிடுவார். அப்படிப்பட்டவர் அன்று காலை, ஒரே ஒரு ஆளிடம் எதையும் விற்றுவிடக் கூடாதே என்று தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார்.

வந்திருந்தது அவருடைய அக்கா.

அக்கா வீட்டுக்குப் பின்னால் சரிவில் எலுமிச்சைத் தோட்டம். போன வருஷம் அந்தச் சரிவில் புல் வெட்டும்போதுதான் டிராக்டர் கவிழ்ந்து அக்கா புருஷன் போனார். அதன் பிறகு எந்த டிரைவரும் அங்கே வண்டி ஓட்டச் சம்மதிக்கவில்லை. புல் இடுப்பைத் தாண்டி வளர்ந்து மரங்களின் கழுத்தைப் பிடித்திருந்தது. இந்தப் பருவமும் தவறினால் மரம் போகும்; மரம் போனால் அக்கா அங்கே இருந்து பிழைக்க வழியில்லை.

அதற்குத்தான் தேன்வாய் தன் வீட்டு மாடி அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, கட்டில் போட்டு வைத்திருந்தார். அக்கா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கவிழ்ந்த அதே சின்ன டிராக்டரை நிமிர்த்திப் பழுதுபார்த்துவிட்டு, அதன் பின்னால் மாட்டிப் புல் வெட்ட ஒரு ரோட்டரி மோவர் வேண்டும், நானே ஓட்டப் போகிறேன் என்று வந்து நிற்கிறாள்.

"இது எப்படிடா?" சிவப்பாக இருந்த பெரிய மோவரைக் காட்டினாள்.

"ஐயோ, அது வேணாம்க்கா. உன் வண்டி இருபது ஹெச்.பி. இது ஆறடி அகலம். கோழிக்குஞ்சு முதுகுல நெல்லு மூட்டை ஏத்தின மாதிரி ஆயிடும். பின்னால கனம் இழுத்து முன்சக்கரம் தூக்கிக்கும். நீ பாட்டுக்கு ஸ்டியரிங்கைத் திருப்புவே, வண்டி பாட்டுக்குப் போவும்."

மூலையில் குந்தியிருந்த வெல்டர் தலையை நிமிர்த்தினான். "முந்தாநேத்து இதையேதானே எந்த வண்டிக்கும் பொருந்தும்னு சொன்னீங்க அண்ணே?"

"உனக்குக் கண்ணுலதான் நெருப்புப்பொறி படும்னு நெனச்சேன், வாயிலயும் பட்டுடுச்சா? வேலையைப் பாருடா."

"சரி, அந்தச் சின்னது?"

"மூணடி. உன் பின்சக்கரம் ரெண்டும் அதைவிட அகலமா ஓடும். வெட்டாத புல்லைச் சக்கரம் மிதிச்சுப் படுக்க வெச்சுடும். நீ அந்தப் பக்கம் போனதும் அது எழுந்து நின்னு உன்னைப் பாத்துச் சிரிக்கும்."

"பச்சை?"

"கியர்பாக்ஸ் ஒழுகுது. எண்ணெய் தெரியக் கூடாதுன்னுதான் மண்ணைப் பூசி வெச்சிருக்கேன்."

பாவம், தேன்வாய்க்கு உண்மை பேசிப் பழக்கமில்லை. உண்மையைச் சொன்னால் எந்தச் சரக்கும் விலை போகாது என்பது அவர் கணக்கு. ஆனால் அவர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில், கழிக்க முடியாத ஒன்று முற்றத்தில் மிச்சமாக நின்றுவிட்டது. நாலடி மோவர். அக்கா அதன் முன்னால் குனிந்து கத்தியைக் கையால் தள்ளிப் பார்த்தாள். அது பின்னுக்கு மடங்கிக் கொடுத்தது.

"கல்லுல பட்டா இப்படித்தான் மடங்குமா?"

"மடங்கும்."

"சுத்தித் தொங்குற இந்தச் சங்கிலியெல்லாம்?"

"கல்லு தெறிச்சா தடுக்கும்." ஒரு குறை கிடைக்காதா என்று அவர் மோவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பெருசா எதுலயாவது போய் இடிச்சா?"

வெல்டர்தான் சொன்னான். "கத்தியைச் சுத்த வைக்கிற ஷாஃப்டுல ஒரு போல்ட் இருக்குக்கா. உடையறதுக்குன்னே செஞ்சது. இடிச்சா அது உடையும், மத்ததெல்லாம் தப்பிச்சுக்கும். அடிக்கடி உடையுதேன்னு சில புத்திசாலிங்க கெட்டி போல்ட்டைப் போட்டுட்டு, அப்புறம் கியர்பாக்ஸை மூட்டை கட்டி எடுத்துட்டு வருவாங்க."

அக்கா நிமிர்ந்தாள். "இதுதான். கொசுறா என்னடா தர்றே?"

அவளும் அதே வியாபாரி வீட்டில் பிறந்தவள்தானே. கொசுறு இல்லாமல் கடைப்படி இறங்க மாட்டாள்.

"கொசுறா மாடி ரூமு தர்றேன். வந்துடுக்கா."

"போல்ட் குடு. ஒரு கைப்பிடி."

"கவிழ்ந்தா தாங்குறதுக்குத் தலைக்கு மேல கம்பியும் இடுப்புக்குப் பெல்ட்டும் இல்லாம அந்த வண்டியில நீ ஏறக் கூடாது."

"மாட்டியாச்சு. நீ சொல்லித்தான் தெரியணுமா?"

மறுநாள் தேன்வாயும் கூடப் போனார். அக்கா எடுத்த உடனே வண்டியில் ஏறவில்லை. ஒரு கோலால் புல்லை விலக்கி விலக்கிச் சரிவு முழுக்க நடந்தாள். கிடந்த கல்லையும் கம்பியையும் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். பாதிச் சரிவில் கோல் டக்கென்று நின்றது. புல்லுக்குள் ஒரு மரக்கட்டை, வெட்டி விட்ட அடிமரம். அதன் ஒரு பக்கத்தில் டயர் ரப்பர் தேய்ந்த கறுப்பு இன்னும் அப்படியே இருந்தது. போன வருஷம் சரிவுக்குக் குறுக்கே ஓட்டி வந்த வண்டியின் சக்கரம் ஏறிக் கவிழ்ந்தது இதில்தான்.

"தோண்டி எடுத்துடலாம்க்கா."

"இருக்கட்டும். எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்." புருஷனின் பழைய சட்டையைக் கிழித்து, கொடிபோலக் கோல்களில் கட்டி, கட்டையைச் சுற்றி நட்டாள். தேன்வாய் கோல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

பெல்ட்டைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள். ஷாஃப்டை நிறுத்தி, மோவரை ஒரு சாண் மட்டும் தூக்கி, ரிவர்ஸில் மெதுவாக மேலே ஏறுவாள். உச்சியில் மோவரை இறக்கி, ஷாஃப்டை ஓடவிட்டு, சின்ன கியரில் நேர்கோடாகக் கீழே வருவாள். குறுக்கே ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவளுக்குப் பின்னால் புல் மடிந்து மடிந்து விழ, மூச்சு விட்டதுபோல மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தேன்வாய் கீழே நின்று ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

கொடிகளை ஒட்டி இறங்கியபோது, டமார் என்றொரு சத்தம்.

தேன்வாய் செருப்பு கழன்றது தெரியாமல் மேலே ஓடினார். அக்கா உள்ளங்கையைக் காட்டினாள். "அங்கயே நில்லு! கத்தி இன்னும் நிக்கல."

என்ஜின் அடங்கியது. கத்தி சுற்றி ஓயும்வரை இருவரும் இருந்த இடத்தில் இருந்தார்கள். பிறகு அவள் இறங்கி வந்து பார்த்தாள். அந்தக் கட்டையின் வேர்தான், கொடி நட்ட இடத்தையும் தாண்டி மண்ணுக்கு மேலே முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. மோவருக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு ஒன்றுமில்லை. போல்ட் மட்டும் இரண்டு துண்டு.

துண்டுகளை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள். "உடைய வேண்டியது உடைஞ்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

அக்கா புருஷன் அடக்கத்தன்று தேன்வாய் வண்டிக்காரனிடம் பேரம் பேசினார், பூக்காரனிடம் பேரம் பேசினார், பெட்டி செய்தவனிடம் மரம் மட்டம் என்று சண்டை போட்டார். அழ நேரமில்லை. இப்போது சூடு ஆறாத அந்த இரும்புத் துண்டுகளை மூடிப் பிடித்துக்கொண்டு, வெட்டிய புல்லின்மேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

அக்கா மடியிலிருந்து கொசுறு போல்ட் ஒன்றை எடுத்து மாட்டி முறுக்கினாள். அவர் தோளில் கையை வைத்தாள். "அழுடா. நல்லா அழு. ஆனா கீழ போய் அழு, இங்க கல்லு தெறிக்கும்."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நாலடி இறங்கித் திரும்பினார்.

"மாடி ரூமை ரெண்டு வருஷம் காலியாவே வெச்சிருக்கேன்க்கா."

"வேணாம். சரக்கை அடுக்கிக்கோ."

"ஒரு வருஷம்."

அவள் பெல்ட்டை இழுத்து மாட்டியபடி சரிவைப் பார்த்தாள். பாதி மழித்தாயிற்று, பாதி மிச்சம் நின்றது.

"அடுத்த புல்லு முளைக்கிற வரைக்கும் வெச்சிரு," என்றாள்.

வேறு யாராவது அந்தப் பேரத்தைக் கேட்டிருந்தால் தேன்வாய்க்கு உடம்புக்கு என்னவோ என்று நினைத்திருப்பார்கள். அவர் ஒரு சொல்கூடக் கூட்டிக் கேட்காமல் சரி என்று தலையாட்டிவிட்டு, கல் தெறிக்காத தூரத்துக்கு இறங்கி நடந்தார்.