முதலில் யாரிடம் சொல்வது

எங்கள் இணையதளத்தை எர்மெக் உருவாக்கியது பிஷ்கெக்கில், ஆய்வுக்கூடத்தின் பின்னறையில். குளிர்காலத்தில் அங்கே மட்டும்தான் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் ஒழுங்காகச் சுடும். அவர் வேலை மாறிப் போன பிறகு தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேருபவர்கள் அதில் வரும் ஒரு கேள்வியைப் பார்த்து, இது எதற்கு என்கிறார்கள். அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கும்.

நாங்கள் பனியாறுகளை அளப்பவர்கள். பனியில் கம்பு நட்டு, கோடை முடிந்ததும் அது எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்ப்போம். வருடா வருடம் பனி குறைந்துகொண்டேதான் இருந்தது. நாங்கள் அளந்தது, பக்கத்து நாடுகளில் இதே வேலை செய்யும் அல்மாத்திக்காரர்களுக்கும் கோரோக் ஆட்களுக்கும் தெரிய இரண்டு வருடமாகும், ஏதாவது ஆய்விதழில் வந்தால். எல்லோரும் அளவுகளை ஒரே இடத்தில் போட்டு, அங்கேயே படித்து, அங்கேயே சண்டை பிடிக்க வேண்டும் என்பது எர்மெக்கின் ஆசை. தளம் தயாரானபோது வரைபடத்தின் நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. அது நாரின் மலையில் தொக்தோசுன் அண்ணன் அளக்கும் பனியாறு. இளவயதிலிருந்து அவர்தான் அதில் ஏறுகிறார். அது இல்லாமல் வடக்கு மலைகளையும் தெற்கு மலைகளையும் ஒப்பிட வழியில்லை. வசந்தம் முழுக்கக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தோம்.

செப்டம்பரில் மலையிலிருந்து இறங்கிய அண்ணன், நாரினில் மகள் வீட்டில் உட்கார்ந்து அளவுகளைத் தளத்தில் ஏற்றினார். பிறகு வேன் பிடித்து, அரை நாள் பயணம் செய்து எங்களிடம் வந்தார். கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்று கையை நீட்டினார்.

"சுயுஞ்சு!"

எங்கள் வழக்கத்தில் நல்ல செய்தி கொண்டுவருபவர் அப்படித்தான் பரிசு கேட்பார். எதிரில் இருப்பவர் என்ன செய்தி என்று துடித்துப்போய், கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் செய்தி.

எர்மெக் கணினியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "தெரியும்ணே! பனி கூடியிருக்கு! காலையிலேயே எல்லாருக்கும் போயிடுச்சு."

தளம் அதைத் தானாகவே செய்யும். யார் எதை ஏற்றினாலும் அந்த நொடியே எல்லோருக்கும் அறிவிப்பு. எர்மெக்குக்கு அதில் ரொம்பப் பெருமை.

அண்ணனின் கை மெதுவாக இறங்கியது.

"எல்லாருக்குமா?"

"கோரோக் வரைக்கும்ணே. வேகமாப் போகணும்னுதானே செஞ்சோம்."

"அது வேகமாப் போச்சு. நான்தான் வேன்ல வந்தேன்."

தேநீர்கூடக் குடிக்கவில்லை. "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை நல்ல சேதி கிடைச்சுது, தம்பி. அதையும் உன் பெட்டி சொல்லிடுச்சு. என்னோடதை எடுத்துடு." எடுத்தோம். வரைபடத்தில் மறுபடியும் ஓட்டை.

எர்மெக் இரண்டு நாள் முனகினார். "ஒரு மனுசன் கோவிச்சுக்கிட்டதுக்கு அறிவியலே நிக்கணுமா, சல்தனாத்?"

"அவர் பாக்க வந்தது அறிவியலை இல்ல. சேதி கேட்ட உங்க மூஞ்சியை."

வாரக் கடைசியில் எர்மெக், அல்மாத்தியில் பனி அளக்கும் ரௌஷானைத் தொலைபேசியில் அழைத்து, தளத்தில் புதிதாகச் சேர்த்ததைச் சொன்னார். அளவை ஏற்றியதும் தளம் கேட்கும்: முதலில் யாரிடம் சொல்ல? அந்த ஒருவருக்கு மட்டும் காட்டும். மற்றவர்களுக்கு ஒரு நாள் கழித்துத்தான். அதற்குள் மனிதர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

"இது ஆய்வுத் தளமா, கல்யாண வீடா?" என்றாள் ரௌஷான். அடுத்த மூச்சிலேயே, "என் பேரும் அதுல இருக்கா?"

அண்ணனிடம் சொல்ல எர்மெக்குக்குக் கூச்சம். நான் சொன்னேன். அவர் "உம்" என்றார், அவ்வளவுதான்.

பத்து நாள் போயிருக்கும். என் திரையில் நாரின் பனியாறு வந்து நின்றது. அண்ணன் என் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தார். நான் பின்னறை வாசலில் போய் நின்றேன்.

"சுயுஞ்சு!"

அந்த எண்கள் எர்மெக்குக்கு மனப்பாடம். ஆனாலும் நாற்காலி சாய எழுந்தார். "என்ன? என்ன சேதி? சொல்லேன்!" பையைத் துழாவி, ஒன்றும் கிடைக்காமல், கழுத்துத் துண்டை உருவி என் மேல் போட்டார்.

"அண்ணன் திரும்பி வந்துட்டார். பனி கூடியிருக்கு."

அவர் நிஜமாகவே கத்தினார். அடுத்த அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உடனே தொலைபேசியை எடுத்தார்.

"யாருக்கு?" என்றேன்.

"ரௌஷானுக்கு."

"ரௌஷான் எனக்கு. நீங்க வேணும்னா கோரோக்குக்குப் போடுங்க."

"கோரோக்ல யாரும் ஒண்ணும் குடுக்க மாட்டாங்க, சல்தனாத்!"

அதற்குள் நான் அல்மாத்தி எண்ணை அழுத்தியிருந்தேன்.