சிரில் நட்ட மரம்

ஐம்பத்தாறு வயதில் ஒருத்திக்கு ஆசை வந்தால் மற்றவர்களுக்கு ஏன் வயிறு எரிகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஊரை விடுங்கள், பெற்ற மகள் கேவாவே வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள். வெல்டன் சங்கு பிடிக்கிறவன், மனைவியை இழந்தவன், என்னைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவன். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றேன். அடுப்பில் கொதித்த சோளக்கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு என்மேல் பாய்ந்தாள்.

"அப்பா இருந்த வீட்டுல அந்த ஆளா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்மா!"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். எனக்கென்ன?"

"அப்ப கொடி போட்டுப் பாரு. பிடிச்சா நான் வாயே திறக்கலை. பிடிக்கலைன்னா அந்த ஆளு நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது."

எங்கள் கேட் தீவில் இது பழைய வழக்கம். கடற்கரைப் புதர்களின் மேல் இலையில்லாமல், செம்மஞ்சள் நூலாகச் சிக்கிக் கிடக்குமே, அதுதான் காதல் கொடி. அதில் ஒரு துண்டு கிள்ளி, மனதில் இருப்பவன் பெயரைச் சொல்லி, தோளுக்குப் பின்னால் ஒரு செடிமேல் எறிய வேண்டும். பிழைத்துச் சுற்றிக்கொண்டால் காதல் நிஜம். காய்ந்தால் பொய்.

"எதுமேல போடணும்?"

"அப்பா மரத்துல. அவருக்குச் சம்மதம்னா பிடிக்கட்டும்."

இறந்துபோன என் கணவர் சிரில் நட்ட கடல்திராட்சை மரம் அது. போன புயலில் கடல் முற்றம்வரை ஏறியபோது இலையெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது. துளிர்க்கும், துளிர்க்கும் என்று கேவா சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் மறுத்துப் பேசியதில்லை. வீம்பில் ஒரு துண்டைக் கிள்ளி, வெல்டன் பெயரை உரக்கச் சொல்லி எறிந்தேன்.

ஒரு வாரத்தில் கொடி காய்ந்துபோனது.

வெல்டன் என் முற்றத்தில் உட்கார்ந்து சங்கை உடைத்துச் சதை எடுத்துக்கொண்டிருந்தான். கேவா அந்தச் சருகை அவன் மடியிலேயே போட்டாள்.

"பாத்துக்குங்க. எங்கப்பாவே வேண்டாம்னுட்டாரு. கிளம்புங்க."

அந்த மனுஷனும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தான். "விடு ஓரலீ. பொண்ணு மனசு நோகுது."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "யோவ், உக்காருய்யா! உன்னை யாரு கேட்டா?"

அவனுடைய கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனேன். பட்டையைச் சுரண்டினேன். பழுப்புத் தூள்தான் கொட்டியது. இன்னும் கீழே சுரண்டினேன். அங்கும் அதேதான்.

"இங்க வாடி கேவா. அந்தக் கொடி மண்ணுல முளைச்சாலும் ஒரு மரம் கிடைச்சதும் மண்ணுல இருக்கிற வேரை உதறிடும். அப்புறம் அந்த மரத்தோட சாறுதான் அதுக்குச் சோறு. பச்சை மரத்துலதான் எறியணும்னு உனக்குத் தெரியாதா?"

"இது துளிர்க்கும்மா..."

"செத்துப் போச்சுடி! உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்ல வாய் வராம ரெண்டு பேரும் இதுக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கோம்."

கேவா கத்தியைப் பிடுங்கி வேறொரு கிளையைச் சுரண்டினாள். பிறகு இன்னொன்றை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேர்ப்பக்கம் குனிந்து அங்கேயும் சுரண்டினாள். ஒரு பொட்டுப் பச்சை இல்லை. அவளைப் பார்க்க எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அன்று விட்டுக்கொடுத்தால் அப்புறம் எனக்கு விடிவே இல்லை.

"உங்கப்பாவை நான் மறக்கலைடி. சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா செத்த மரத்துல என்னைத் தூக்கிப் போட்டுட்டு, ஏன் காயறேன்னு கேக்காதே."

நான் வெல்டன் பக்கம் திரும்பினேன்.

"கையைக் கழுவு. போதகர் வீட்டுக்குப் போகணும்."