ஈரலில் படிந்தது

ஸ்கேன் எடுக்கும் பெண் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது, பேருந்து ஓட்டுநர் வயிற்றையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டார். அது எங்கே போகும்? அப்படியே மேடாக நின்றது. தங்கைக்கு ஈரல் கெட்டுவிட்டது. தன் ஈரலில் பாதியைத் தருவதாகச் சொந்தக்காரர்கள் முன்னால் மார்தட்டியவர் அவர்தான்.

மருத்துவர் தங்கையின் கணவரையும் உட்காரவைத்துக்கொண்டு பேசினார்.

"மத்ததெல்லாம் பொருந்துது. ஆனா உங்க ஈரல் முழுக்கக் கொழுப்பு. இப்படியே எடுத்தா ரெண்டு பேருக்குமே ஆபத்து."

"நான் குடிக்கிறதே இல்லையே டாக்டர்."

"குடிக்கணும்னு இல்ல. சாப்பிட்டது செலவாகலைன்னா உடம்பு அதைக் கொழுப்பா மாத்திச் சேர்த்து வச்சுக்கும். சாப்பாட்டைக் குறைச்சு நல்லா நடந்தீங்கன்னா, சேர்த்ததை உடைச்சு எரிக்கும். ஈரல்ல இருக்கிறது சீக்கிரமே குறையும். ஆனா, அவங்களால ரொம்ப நாள் காத்திருக்க முடியாது."

தங்கையின் கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது கேட்டுத் தொலைத்திருந்தால் தேவலை என்று ஓட்டுநருக்குத் தோன்றியது.

வார்டில் தங்கையின் கைகள் குச்சியாகக் கிடந்தன. சாப்பாடு இறங்காததால் அவள் உடம்பு சேமிப்பை எரித்துத் தீர்த்துவிட்டுச் சதையில் கைவைத்திருந்தது. விஷயம் தெரிந்ததும் சிரித்தாள்.

"ரெண்டு பேருக்கும் வரவேண்டியதை நீ ஒருத்தனே வாங்கிக்கிட்டியாண்ணே?"

அவரும் சிரித்து வைத்தார். காது மடல் சுட்டது.

அன்றிலிருந்து வேகவைத்த காய்தான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடந்தார். பேண்ட் இடுப்பில் தளர்ந்தது. அறுவை சிகிச்சை பற்றிப் பேச வரச்சொல்லி மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்த அன்று, பணிமனையில் நிறுத்தியிருந்த பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, பொரித்த கோழியையும் கிரீம் பன்னையும் மூச்சுவிடாமல் தின்றார். நிமிர்ந்தால், படிக்கட்டில் தங்கையின் கணவர், அவருக்கென்று வேகவைத்த காய் டப்பாவோடு.

"பசிச்சா சொல்லியிருக்கலாமே மச்சான்" என்றார் அவர் மெதுவாக. டப்பாவை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

அந்த மனிதர் யாரிடமும் வாயைத் திறக்கமாட்டார் என்பது தெரிந்தும், மறுநாள் ஓட்டுநரே வார்டுக்குப் போய்த் தங்கையிடம் சொன்னார். அவள் மஞ்சள் பாரித்த கண்களால் அவரையே பார்த்தாள்.

"பசியில சாப்பிட்டியா, பயத்துலயா?"

கொழுப்பு குறையாவிட்டால் கத்தி தன் மேல் படாது என்று அந்தப் பன்னைக் கடிக்கும்போது உள்ளே எதுவோ கணக்குப் போட்டதை அவர் அறிவார். தன்னிடமே சொல்லிக்கொள்ளாத அதை இவள் எப்படி எடுத்தாள்?

"எனக்கும் பயம்தான்" என்றாள். "வேணாம்னா சொல்லிடுண்ணே. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவர் எழுந்து வெளியே வந்தார். பேருந்து ஏறவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே வீடுவரை நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அடுத்த ஸ்கேனில் ஈரல் தேறியிருந்தது. மருத்துவர் வராந்தாவுக்கே வந்து, சொந்தக்காரர்கள் நடுவில் அவர் தோளைத் தட்டினார்.

"இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்மா. தேதி குறிச்சிடலாம்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தங்கையின் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஓட்டுநருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சக்கர நாற்காலியிலிருந்த தங்கை அவரை அருகே இழுத்தாள். ஸ்கேன் அறையிலிருந்து வந்த அவசரத்தில் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அவள் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, கீழிருந்து மறுபடி போடத் தொடங்கினாள்.