காலையில் தமிழ், மத்தியானம் பிரெஞ்சு

எங்கள் முத்தியால்பேட்டையில் ஒரு பெண் பிரான்சுக்குப் போக ஒரே வழிதான் உண்டு என்று எல்லாரும் நம்புகிறார்கள்: சொல்தா வீட்டு மாப்பிள்ளை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். போன தை மாதம் எனக்கும் அப்படி ஒரு சம்பந்தம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"எவனோ ஒருத்தன் பாஸ்போர்ட்டப் புடிச்சிக்கிட்டு நான் போவ மாட்டேன்மா. வேலை பார்த்துப் போறேன்" என்றேன். அம்மா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

திமிர்தான். ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. நான் பாடம் சொல்லித்தரும் மாலை வகுப்பை நடத்துகிற சங்கம், வருடா வருடம் பிரான்சிலிருந்து ஒரு தொண்டரை வரவழைக்கும். பதிலுக்கு இங்கிருந்து ஒருவரை ஒரு வருடம் அங்கே அனுப்பும். பிரெஞ்சு பேச வரவேண்டும், அவ்வளவுதான். இங்கே யாரும் தேறாவிட்டால் அங்கிருந்து வந்தவரே இன்னொரு வருடம் தங்கிக்கொள்ளலாம். இந்தத் தடவை போகவேண்டியது நான். வந்தவள் பொலின், லியோன்காரி.

வந்த புதிதில் ஆட்டோக்காரரிடம் வணக்கத்தையும் நன்றியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நடுவில் சொல்லவேண்டியது வராமல் விழிப்பாள். பார்க்கப் பாவமாக இருக்கும். நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் தமிழ் மட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் பிரெஞ்சு மட்டும். சாப்பாடு எங்கள் வீட்டில். அம்மா ஊற்றும் குழம்புக்குப் 'போதும்' என்று சொல்லத் தெரியாமல் திண்டாடியவள், கொஞ்ச மாதத்திலேயே மீன்காரம்மாவிடம், "நேத்து மீன எந்தலையில கட்டப் பாக்கிறியா?" என்று சண்டைக்கு நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது அச்சு அசல் என் சண்டை.

என் பிரெஞ்சும் அப்படித்தான் வளர்ந்தது. மத்தியானங்களில் ஊர் வம்பு முழுக்க அதில்தான் பேசினோம். "நீங்க ரெடிக்கா. யார் எவ்ளோ வேகமாப் பேசுனாலும் ஒங்களுக்குப் புரியுது" என்று அவளே சொன்னாள். கூடப் பிறந்தவள் சொன்னதுபோல நம்பினேன்.

முடிவு சங்கத் தலைவர் ழான்-லூக் ஐயாவின் கையில் இருந்தது. அவரும் சொல்தாதான். என்னிடம் தமிழில்தான் பேசுவார், நானும் தமிழில்தான் பதில் சொல்வேன். பெரியவர் தமிழில் கேட்கும்போது நாம் பிரெஞ்சில் பதில் சொன்னால் பீற்றிக்கொள்வதாக ஆகாதா? அப்படி ஒரு மரியாதை எனக்கு. அதனால் என் பிரெஞ்சை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு காலை, மாதா கோயில் பூசை முடிந்து எங்கள் இருவரையும் வீட்டுக்கு வரச் சொன்னார். முடிவு சொல்லத்தான் என்று நினைத்து நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

"பாரதி, உள்ள காப்பி கலந்திருப்பாங்க. வாங்கிட்டு வாம்மா" என்றார்.

தட்டோடு திரும்பியபோது அவர்கள் பிரெஞ்சுக்கு மாறியிருந்தார்கள். சொல்தா வீடுகளில் அது ஒரு பழக்கம். வேலைக்காரியின் காதிலோ வந்த விருந்தாளியின் காதிலோ விழக்கூடாத பேச்சு என்றால் கதவைச் சாத்தமாட்டார்கள், பிரெஞ்சில் பேசுவார்கள். ஐயா என்னைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். பொலின் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அவளுடைய பிரெஞ்சு இன்னும் போதாது. கொஞ்சம் வேகமாகப் பேசினாலே திணறுகிறாள். அங்கே போய்த் தனியாகக் கஷ்டப்படுவாள். வேண்டுமானால் நானே இன்னொரு வருடம் இங்கே இருக்கிறேன்" என்றாள்.

"போன வாரம் நீ சொன்னதை அப்படியே பிரான்சுக்குத் தெரிவித்துவிட்டேன்" என்றார் ஐயா.

ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. புரியாமல் போயிருந்தால் தேவலை என்றிருந்தது.

"சர்க்கரை போதுமா பாருங்கள், முசியே" என்றேன் பிரெஞ்சில். "நான் திணறவில்லை. இவள் பேசியது முழுக்கப் புரிந்தது. நீங்கள் பேசியதும் புரிந்தது."

பொலின் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது. ஐயா டம்ளரை எடுக்கப்போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இவ்ளோ வருமா ஒனக்கு? ஒருநாளும் பேசலியேம்மா."

"நீங்க கேக்கலியே ஐயா."

"ஒனக்குப் பதிலா இவளே இங்க இருக்கறதுன்னு முடிவாயிடுச்சி. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருடம் வரைக்கும் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அவரிடம் கேட்கவில்லை. வெளியே வந்துவிட்டேன். பொலின் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, நில்லுங்கக்கா. தப்பு பண்ணிட்டேன். இந்த ஊர வுட்டுப் போவ மனசு வரலக்கா."

ஒரு பிழை இல்லை. அந்த 'வுட்டு', அந்த 'போவ', எல்லாம் நான் கொடுத்தவை.

அப்போது காலை நேரம், எங்கள் ஏற்பாட்டின்படி தமிழ் நேரம். நான் பிரெஞ்சில் பதில் சொன்னேன், கொஞ்சமும் வேகத்தைக் குறைக்காமல்.

"தாராளமாக இரு. இனி நமக்குள் காலையிலும் பிரெஞ்சுதான். என்னிடமிருந்து ஒரு தமிழ் வார்த்தை உனக்குக் கிடைக்காது."

"தமிழ்ல திட்டவாவது செய்யுங்கக்கா" என்று அழுதாள்.

திட்டுக்கு முத்தியால்பேட்டையில் பஞ்சமா? அத்தனையும் தொண்டை வரைக்கும் வந்தன. விழுங்கிக்கொண்டேன்.

"நாளை வகுப்பு நான்கு மணிக்கு, மதுமசேல்" என்று, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசுவதுபோலப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு நடந்தேன்.