அடைக்கோழிப் பொருத்தனை

பொருத்தனை பண்ணிய அன்று ஞானம்மாளின் கொல்லையில் கோழிக்குப் பஞ்சமில்லை. கணவன் தேவசகாயம் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தான். காலமெல்லாம் ஜல்லி கிரஷரில் தின்ற தூசு நெஞ்சில் கெட்டித்துப் போயிருந்தது. வார்டு வாசலில் உட்கார்ந்து, "ஆண்டவரே, இந்த ஆளு தன் கால்ல நடந்து வூட்டுக்கு வந்தா, அறுப்புப் பண்டிகைக்குப் புள்ளிக்கோழிய உனக்குக் குடுத்துடறேன்" என்றாள். புள்ளிக்கோழியைச் சொன்னதற்குப் பக்தி காரணமில்லை. இருந்ததிலேயே குறைவாக முட்டையிடுவது அதுதான்.

தேவசகாயம் நடந்து வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, கம்பத்துக்குக் கம்பம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். அதுவும் நடைதான். ஞானம்மாள் கோயிலின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து, ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொன்னாள். கோழி விஷயத்தையும் சேர்த்தே சொன்னாள். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

பிறகு வெள்ளைக்கழிச்சல் வந்தது. காலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு நின்ற கோழி சாயங்காலம் இல்லை. சித்தாள் வேலைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு நாளும் கொல்லையில் ஒரு குழி வெட்டினாள். கழுக்குன்றத்துக் கல்பூமி. அவரைப் பந்தலுக்குக் கால் நடவே கடப்பாறை வேண்டும். கடைசியில் புள்ளிக்கோழி மட்டும் மிஞ்சியது. நேர்ந்தபோது அது கோழிகளில் ஒன்று. இப்போது அது ஒன்றுதான் கோழி.

முட்டைகளைச் சேர்த்து அதையே அடைக்கு வைத்தாள். பக்கத்து வீட்டு ஹபீபாவின் சேவல் வேலியைத் தாண்டி வந்து போய்க்கொண்டிருந்ததால் முட்டைகளைப் பற்றிச் சந்தேகமில்லை. குஞ்சு பொரித்து வளர்ந்தால் தேவசகாயத்துக்கு மறுபடியும் தினம் ஒரு முட்டை கிடைக்கும். டாக்டர் சொன்ன மருந்துகளில் வீட்டிலேயே விளைவது அது மட்டும்தான்.

கணக்குத் தவறியது, விளைந்ததைக் கோயிலுக்குக் கொடுக்கிற அந்தப் பண்டிகையில். கோயில் குருவான ஐயருக்கு அஞ்சாறு ஊர்ச் சபை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஞாயிறு. எப்போதும் கடைசியில் வருகிற இவர்கள் ஊர் இந்த வருஷம் முதலில் வந்துவிட்டது. குஞ்சு பொரிக்க இன்னும் ரெண்டு மூணு நாள் பாக்கி.

சனிக்கிழமை ஐயரிடம் போய்க் கேட்டாள். "கோழிக்குப் பதிலா பூசணிக்கா குடுக்கலாமா ஐயரே?"

ஜெபகுமார் ஐயர் இளம் வயதுக்காரர். "உங்க மனசாட்சி என்ன சொல்லுதோ அப்படிச் செய்யுங்கம்மா" என்றார். சித்தாளுக்குக் கூடை தூக்கிவிட ஆள் வேண்டும். இவர் இன்னும் நாலு கல்லைப் போட்டு அனுப்பினார்.

ஹபீபா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுவிட்டு, "நேர்ச்சைன்னா நேர்ச்சைதான் ஞானம்மா. ஆனா அடைக்கோழிய யாருனா அறுப்பாங்களா?" என்றாள்.

"ஒம்மூட்ல ஏதுனா கோழி அடைக்குக் குந்திகினு கீதா? முட்டைங்கள அதுக்கடியில வெச்சிடலாம்."

"அல்லாம் ஊரு சுத்திகினு கீதுங்க."

தேவசகாயம் கட்டிலில் இருந்தபடியே பேசினான். "இன்னாமே, ஆண்டவரு கோழிக்கறி இல்லாம ஏங்கிப்போய்க் கீறாரா?"

"நீ நடந்து வந்தியா இல்லியாய்யா?"

"வந்தேன். இப்ப திரும்பி ஆஸ்பத்திரிக்கே நடந்து போயிட்டா பொருத்தனை கேன்சலா?"

ஞானம்மாள் சிரிக்கவில்லை. அந்த மாதிரிப் பேச்சுதான் அவளுக்குப் பயம். கொடுக்காமல் விட்டு நாளைக்கு இவனுக்கு ஒன்று ஆகிவிட்டால், ஊர் சொல்வது இருக்கட்டும், அவளே அவளிடம் என்ன சொல்வாள்?

ஞாயிறு காலை கோழியைத் தூக்கினாள். அது கையைக் கொத்தி ரத்தம் வரவைத்தது. முட்டைகளைச் சூடான உமிக் கூடையில் வைத்துப் பழைய புடவையால் மூடினாள். "இத்தப் பாத்துக்கோ. சில்லுனு ஆயிட்டா அடுப்பாண்ட நவுத்து."

"நான் இன்னா கோழியாமே?" என்று அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

கோயிலில் வாழைத்தார், கரும்பு, நெல்மூட்டை, பூசணி. கால் கட்டிய புள்ளிக்கோழி பீடத்துக்குக் கீழே கிடந்தது. கர்த்தர் தம்மையே கோழிக்கு ஒப்பிட்டார் என்று ஐயர் பிரசங்கம் பண்ணினார். சிறகு, அடைக்கலம், இளைப்பாறுதல் என்று இனிமையாகச் சொன்னார். ஞானம்மாள் கோழியைப் பார்த்தாள். நாற்றம் அடித்தது. அடையில் இருந்து வயிற்று இறகு உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. உடம்பெல்லாம் பேன். எடை பாதியாகிவிட்டது. மழை ஒழுகினாலும் எழுந்திருக்காது. கழுகையோ புறாவையோ விட்டுவிட்டு இதைச் சொன்னார் என்றால், ஆண்டவர் யார் வீட்டுக் கொல்லையிலோ நின்று நேரில் பார்த்திருக்கிறார். அவரும் அப்படித்தான் இளைத்திருப்பார்.

ஆராதனை முடிந்து, வந்த காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். கோழியைச் சபைக் கமிட்டிக்காரர் ரவிச்சந்திரன் எடுத்தார். தூக்கி எடை பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா ஞானம்மா, ஆண்டவருக்கே அடைக்கோழியா? கறியே இல்லியே!"

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். 'அதுகிட்ட இருந்ததெல்லாம் முட்டைக்குப் போயிடுச்சி' என்று சொல்ல வாயெடுத்தாள். கொடுத்தாயிற்று. கொடுத்த பொருளுக்கு விளக்கம் எதற்கு?

வழியில் பாரம் இறங்கினாற்போல இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. கால் வலித்தது. முட்டை பொரிக்காவிட்டால் இனிமேல் கொல்லையில் அவரையும் கத்தரியும்தான்.

வீட்டில் உமிக் கூடை அடுப்போரம் காலியாகக் கிடந்தது.

"யோவ், முட்டைங்க எங்க?"

தேவசகாயம் சுவரில் சாய்ந்து, கம்பளியைக் கழுத்துவரை போர்த்தி உட்கார்ந்திருந்தான். முகம் வேர்த்து ஊற்றியது. கம்பளிக்குள்ளே, வயிற்றோடு சேர்த்து, அவள் புடவை மூட்டையாக இருந்தது.

"உமி ஆறிப்போச்சி. அடுப்பு மூட்டுனா பொகை, எனக்கு ஆவாது. வேற இன்னா பண்றது?"

"எவ்ளோ நேரமா?"

"நீ போன கொஞ்ச நேரத்துல இருந்து. கத்தாத. உள்ள ஒண்ணு கீச்சுனுது."

அவள் காதை வைத்துக் கேட்டாள். முதலில் அவன் நெஞ்சின் கரகரப்பு மட்டும் கேட்டது. அப்புறம், அதற்குக் கீழே, ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய சத்தம்.

இருமலை அடக்கி அடக்கி அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. இருமினால் முட்டை உருண்டுவிடும் என்று காலையிலிருந்து இப்படியே இருந்திருக்கிறான்.

ஞானம்மாள் கோயில் புடவையோடு பக்கத்தில் உட்கார்ந்து மடியை விரித்தாள்.

"இங்க குடு. நீ போயி இருமிட்டு வா."