நல்லையா போட்ட கதவு

அமிர்தவல்லிக்கு இடுப்பு கழண்டு விழுகிற மாதிரி வலித்தது. நேற்று பதினாறாம் நாள் காரியத்துக்கு நாற்பது பேருக்குச் சோறாக்கி இறக்கிய வலி. அந்த வலியோடுதான் வட்டக்கானல் இறக்கத்தில் சுப்புராஜ் வீட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் அத்தனை பேரும் அவள் புருசன் நல்லையாவைத்தான் பேசினார்கள். ஒருத்தி தொட்டிலைச் சொன்னாள், ஒருத்தர் கட்டிலைச் சொன்னார். சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, எழுபத்துமூணில் மண்டபம் அகதி கேம்பிலிருந்து மலையேறிய குடும்பங்களில் அந்த ஆசாரி உளி படாத வீடு கிடையாது. பாதிப் பேரிடம் கூலியும் வாங்கியதில்லை. வீட்டு ஆளாகவும் அவனைக் குறை சொல்ல முடியாது. வெள்ளனே எழுந்து அவளுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான். மகள் சிவபாக்கியம் எட்டு வயசு வரைக்கும் பள்ளிக்கூடம் போனது அவன் தோளில்தான். எல்லாம் நிசம். ஆனால் பேசிய அத்தனை பேரும் அவன் வீட்டுக்குள் கோணிச்சாக்கை விலக்கிக்கொண்டுதான் நுழைந்தார்கள். அதை யாரும் பேசவில்லை.

அவர்கள் வீட்டுக் கதவுக்கென்று நல்லையா ஆறு சந்தனவேம்புப் பலகை வாங்கி, அடுப்புக்கு மேலே பரணில் மூணு வருசம் புகையில் காயப்போட்டிருந்தான். எழுபத்தெட்டு தை மாசம், புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்த வாரத்தில், சுப்புராஜ் பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்தது. அவன் வீட்டுக்கும் அப்போது கதவில்லை. நல்லையா பரணிலிருந்து பலகையை இறக்கிவிட்டான். மூணு பலகையை அமிர்தவல்லியே தலையில் சுமந்து கொண்டுபோனாள். ரெண்டே நாளில் கதவு மாட்டியாகிவிட்டது. பலகை வாங்கித் தந்துவிடுகிறேன் என்று சுப்புராஜ் சொன்னதும், மெதுவாகத் தா என்று இவன் சிரித்ததும் அவள் காதுபடத்தான்.

அவள் நச்சரிப்புப் பொறுக்காமல் தன் வீட்டுக்குப் பச்சை யூக்காலியில் ஒரு கதவு போட்டான். பச்சை மரம் ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள். ரெண்டு வெயில் பட்டதும் அது முறுக்கிப் பிளந்தது, கொண்டி மாட்ட வரவில்லை. கழட்டி அடுப்பெரித்தார்கள். அன்றைக்குத் தொங்கவிட்டதுதான் கோணி. சுப்புராஜிடம் போய்க் கேள் என்று அவள் சொன்னபோதெல்லாம், கேட்டால் அவன் மூஞ்சியில் முழிக்க முடியாது என்பான்; ரொம்ப நெருக்கினால், சீசன் முடியட்டும் என்பான்.

வீட்டில் ஆம்பளை இருந்தவரை கோணி போதும். போன மாசம் பட்டறையில் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நேற்று காரியம் முடிந்து உறவு கலைந்த ராத்திரியே எவனோ கோணியை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். பதினாறு வயசு சிவபாக்கியம் விடிய விடிய அரிவாளோடு உட்கார்ந்திருந்தாள்.

சுப்புராஜ் இப்போது வெள்ளைக்காரர்களுக்கு ரூம் விடுகிறான். அவளை உட்காரவைத்து டீ கொடுக்கச் சொன்னான். அவள் டீயைத் தொடாமல் வந்த சோலியைச் சொன்னாள்.

அவன் முகம் சுருங்கியது. "மதினி, அண்ணன் ஒரு நா ஒரு பொழுது எங்கிட்டக் கேட்டதில்லைங்க. மனசாரக் குடுத்தாரு. நேத்து நாலு பேரு முன்னாடி அதத்தானே சொல்லி அழுதேன்."

"அழுத. நானும் பாத்தேன்."

மாட்டின நிலைக்கதவைக் கழட்டினால் வீடு விளங்குமா என்று கேட்டான். கதவு வேண்டாம், பலகைதான் வேண்டும் என்றாள். இப்போதெல்லாம் மரம் எங்கே கிடைக்கிறது, சீசன் முடியட்டும் என்றான். ஆறு சீசனாக, இவனிடம் கேட்காமலே, நல்லையா அவளுக்குச் சொல்லிவந்த அதே சாக்கு. அவளுக்குச் செத்தவன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"இப்படி வந்து கேட்டு அண்ணன் பேரக் கெடுக்காதீங்க மதினி" என்றான் சுப்புராஜ்.

"அவரு பேரு ஒன் வாசல்ல பத்திரமாத்தான் தொங்குது தம்பி. எம் மகதான் கோணிக்குப் பின்னாடி கெடக்கா."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குழாயடியில் கேரட் கழுவிக்கொண்டிருந்த பொம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று குரலை இறக்காமலே சொன்னாள்:

"ஆறு சந்தனவேம்புப் பலகை. நீ நல்லையாவுக்குத் தரணும். இன்னும் தரல."